பெரிய வண்டியும் வியாழக்கிழமைக் கோழிகளும்

எங்கள் டிரைவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலில் பார்த்திருக்கிறேன். ஆனால் நடமாடும் மருத்துவப் பிரிவில் அவரை எல்லோரும் 'லாக்புக்' என்றுதான் சொல்வார்கள், அதுவும் முதுகுக்குப் பின்னால். வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எங்கே நின்றது, ஏன் நின்றது என்று எழுதி வைக்கிற லாக்புக் எல்லா டிரைவரிடமும் இருக்கும். மற்றவர்கள் அதை மாதக் கடைசியில் ஒரே மூச்சில், ஒரே பேனாவில், மனம்போன போக்கில் எழுதி முடிப்பார்கள். இவர் நின்ற இடத்திலேயே எழுதுவார். 'காலை 9.40. ஆட்டு மந்தை. 11 நிமிடம்.' 'காலை 10.25. சிஸ்டருக்கு வாந்தி. 6 நிமிடம்.' அந்த சிஸ்டர் நான்தான். பதினான்கு வருஷ சர்வீஸில் அரசாங்கக் காகிதத்தில் என்னைப் பற்றி இருக்கிற ஒரே உண்மையான வரி அது.

ஆட்டு மந்தையை எழுதுங்கள், என் வாந்தியை எதற்கு எழுதுகிறீர்கள் என்று ஒருமுறை சண்டை போட்டேன். வண்டி நின்றதா இல்லையா என்று திருப்பிக் கேட்டார். நின்றதுதான். இப்படிப்பட்ட மனிதரிடம் மேற்கொண்டு என்ன பேசுவது? வாயை மூடிக்கொண்டேன். என்னை வாய் மூட வைத்த ஆட்கள் இந்த உலகத்தில் குறைவு.

ஆள் ஆறடி மூன்றங்குலம். அவர் ஓட்டியதோ ஒரு சின்ன ஜீப். இருபத்திரண்டு வருஷமாக அதே ஜீப். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், மலைக்கென்றே செய்தது என்பார்கள். மலைக்குச் செய்தார்கள், சரி. மனிதனுக்குச் செய்தார்களா என்பதுதான் சந்தேகம். அவர் உள்ளே நுழைந்தால் முழங்கால் ஸ்டீயரிங்கை முட்டும், தலை கூரையை முட்டும். அதனால் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தே ஓட்டுவார். ஓட்டி ஓட்டிக் கழுத்து அப்படியே நின்றுவிட்டது. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் சாய்ந்துதான் இருக்கும் என்று அவர் மனைவி சொல்வார். கல்யாணப் போட்டோவில் நேராக நிற்கிறாரே, அந்த ஆளுக்குத்தான் கழுத்தை நீட்டினேன், அதற்கப்புறம் அந்த ஆளை நான் பார்க்கவே இல்லை என்பார். புருஷனுக்கு எதிரிலேயே சொல்வார். அவரும் தலையை ஆட்டுவார், சாய்ந்த வாக்கிலேயே.

வாரத்தில் நாலு நாள் எங்களுக்குச் சமவெளி. வியாழக்கிழமை மட்டும் மேல்வீடுகள். தார் ரோடு முடிகிற இடத்தில் ஒரு டீக்கடை இருக்கிறது. அங்கிருந்து மண்ணும் கல்லுமாக ஏழு கிலோமீட்டர் ஏறினால் நாற்பத்தொரு வீடு, சுற்றிலும் உருளைக்கிழங்குத் தோட்டம். கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை, குழந்தைகளுக்கு ஊசி, பெரியவர்களுக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை, எல்லாமே வியாழக்கிழமைதான். நாங்கள் ஏறாவிட்டால் அவர்கள் இறங்க வேண்டும். நிறைமாதக்காரி அந்தப் பாதையில் ஏழு கிலோமீட்டர் இறங்கினால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது கிலோமீட்டரில் இடுக்கு என்று ஓர் இடம். இந்தப் பக்கம் ஒரு பாறை, அந்தப் பக்கம் ஒரு பாறை, நடுவில் பாதை. எங்கள் ஜீப் நுழைந்தால் பக்கத்துக்கு நாலு விரல் மிச்சம் இருக்கும். லாக்புக் ஒவ்வொரு வாரமும் அங்கே வண்டியை நிறுத்துவார். இறங்கி இடுக்கு வழியாக அந்தப் பக்கம் நடந்து போவார். இரண்டு பாறையையும் கையால் தடவிப் பார்ப்பார். திரும்பி வந்து பக்கக் கண்ணாடியை மடக்குவார். அப்புறம்தான் கியர் போடுவார். போன வாரத்திலிருந்து பாறை நகர்ந்திருக்காது என்று நான் கிண்டல் செய்தால், நகர்ந்திருந்தால் யார் பொறுப்பு என்பார். 'இடுக்கு. 3 நிமிடம்.' இருபத்திரண்டு வருஷ வியாழக்கிழமைகளில் அந்த மூன்று நிமிடத்தை அவர் ஒருநாளும் மிச்சம் பிடித்ததில்லை.

அவருக்குக் கழுத்து என்றால் எனக்கு இடுப்பு. அந்த ஜீப்புக்கு ஸ்பிரிங் இருப்பதாகப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. என் இடுப்புக்கு அந்தச் செய்தி கடைசிவரை எட்டவில்லை. டாக்டர் பெல்ட் கட்டச் சொன்னார். கட்டினேன். பெல்ட்டும் சேர்ந்து வலித்தது. ஏறும்போது ஏழு, இறங்கும்போது ஏழு, ஆகப் பதினாலு கிலோமீட்டர் புலம்புவேன். அவர் கேட்டுக்கொண்டே ஓட்டுவார். புலம்பலால் வண்டி நின்றதில்லை என்பதால் அது மட்டும் லாக்புக்கில் ஏறவில்லை.

இப்படி இருக்கும்போதுதான், எங்களையும் சேர்த்துப் பன்னிரண்டு மையங்களைக் கட்டி மேய்க்கிற திட்ட அதிகாரியிடமிருந்து கடிதம் வந்தது. பழைய ஜீப்புக்கு ஆயுள் முடிந்தது, புது வண்டி தரப்போகிறோம், முதலில் உங்கள் மையத்துக்கு என்று. பெரியதா சின்னதா என்பதை ஓட்டுகிறவரே சொல்லலாமாம். பார்ப்பதற்காக இரண்டு வண்டியையும் ஆபீஸ் முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இரண்டும் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான். ஒன்று ஆள் உயரத்துக்கு, பளபளவென்று, பத்துப் பேர் உட்காரலாம். இன்னொன்று எங்கள் பழைய தகரடப்பா ஜீப்புக்குத் தம்பி மாதிரி.

ஆபீஸ் முழுக்கப் பெரியதன் பக்கம். டைப்பிஸ்ட் அதில் ஏசி இருக்கிறது என்றார். காசாளர் பெரியதில்தான் மரியாதை என்றார், ஏதோ அவரை அதில் ஊர்வலம் விடப்போகிற மாதிரி. திட்ட அதிகாரி பெரியதன் மேல் கையை வைத்துக்கொண்டே, உங்கள் விருப்பம்தான், நான் எதுவும் சொல்லமாட்டேன் என்றார். லாக்புக் சின்ன வண்டிக்கு அடியில் புகுந்து பார்த்துவிட்டுச் சட்டையெல்லாம் மண்ணோடு வெளியே வந்தார்.

"பெருசு சிக்கிக்கிட்டா எடுக்க இன்னொரு பெரிய வண்டி வரணும் சார். சின்னது சிக்கினா நாலு பேர் போதும்," என்றார்.

அதிகாரி சிரித்தார். சிக்குவதைப் பற்றி ஏன் இப்போதே பேசுகிறீர்கள், பெரியதில் ஒருமுறை உட்கார்ந்துதான் பாருங்களேன் என்றார். லாக்புக் மண்ணைத் தட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார். சீட்டைப் பின்னால் தள்ளினார். இன்னும் கொஞ்சம் தள்ளினார். ஸ்டீயரிங்கில் கையை வைத்தார். கழுத்து மெல்ல நிமிர்ந்தது. கல்யாணப் போட்டோவில் நின்ற ஆளை அன்றைக்குத்தான் நான் நேரில் பார்த்தேன். ரொம்ப நேரம் இறங்கவே இல்லை. இறங்கியபிறகு, கதவுப் பிடியில் பட்ட கைத்தடத்தைக் கைக்குட்டையால் துடைத்தார். ஆனால் வாயைத் திறந்தபோது, நமக்குச் சின்னதுதான் என்றார்.

மறுநாள் படிவம் வந்தது. வண்டி: பெரியது அல்லது சிறியது. பாதையின் அகலம் போதுமானதா: ஆம் அல்லது இல்லை. கீழே கையெழுத்து. லாக்புக் அதை என்னிடம் நீட்டினார். கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாராம், எழுத்து தெரியவில்லையாம்.

"சின்னதுன்னு போடுங்க சிஸ்டர். இடுக்குல பெருசு போகாது," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

நான் பேனாவை எடுத்தேன். அன்றைக்குப் புதன்கிழமை. மறுநாள் வியாழக்கிழமை என்பதை மூளைக்கு முன்னால் இடுப்பு நினைத்துக்கொண்டது. இந்த மனுஷன் எல்லாவற்றிலும் அளவுக்கு மீறி ஜாக்கிரதை, நகராத பாறையைத் தடவிப் பார்க்கிறவர், பெரியது போகாமலா இருக்கும், நாலு விரல் இடைவெளி இரண்டு விரல் ஆகும், அவ்வளவுதானே என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன். பெரியது என்பதில் டிக் அடித்தேன். அகலம் போதுமானதா என்பதற்கு 'ஆம்' போட்டேன். காகிதத்தை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கி, மேஜையில் வைத்து, கையெழுத்துப் போட்டார்.

பெரிய வண்டி வந்தது. சின்னதுதானே கேட்டீர்கள் என்று ஆபீஸில் யாரோ இழுத்தபோது, மேலே முடிவு செய்திருப்பார்கள் என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். முதல் மூன்று நாள் சமவெளியில் ராஜ வாழ்க்கை. என் இடுப்பு எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. அவர் மனைவி மெயின் ரோடுவரை வந்து நின்று, புருஷன் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்தார். கையசைக்கக்கூட மறந்து நின்றார்.

நாலாவது நாள் வியாழக்கிழமை. இடுக்கில் அவர் இறங்கினார், நடந்தார், தடவினார், திரும்பி வந்தார். கண்ணாடியை மடக்கவில்லை.

"போகாது சிஸ்டர்."

பக்கத்துக்கு நாலு விரல் மிச்சமில்லை. வண்டிதான் மிச்சம். கீழே ஓரமாக ஒதுக்கி நிறுத்தலாம், திருப்ப இடமில்லை. மருந்துப் பெட்டியை அவர் தோளில் வைத்துக்கொண்டார். ஐந்து கிலோமீட்டர் மேல்நோக்கி நடந்தோம். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள், எனக்கு அது இடுப்பில் சுட்டது. சாயங்காலம் அத்தனையும் இறங்கி வந்து, இரண்டு கிலோமீட்டர் ரிவர்ஸிலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு டீக்கடை வந்து சேர்ந்தோம். சமவெளியில் நிமிர்ந்த கழுத்து, பின்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் இப்போது இரண்டு பக்கமும் வலிக்கிறது என்றார்.

லாக்புக் ஆயிற்றே, நடந்ததை நடந்தபடி எழுதினார். 'இடுக்குவரை வண்டி. மேலே நடை.' நாலு வாரம் இப்படி எழுதிய பிறகு திட்ட அலுவலகத்திலிருந்து ஓலை வந்தது. வாகனம் சென்று சேராத ஊர்கள் விதிப்படி பட்டியலிலிருந்து நீக்கப்படும், பதினைந்து நாளில் விளக்கம் தரவும் என்று. அவர்கள் கணக்கில் ஊர் என்றால் வண்டி போகிற இடம். வண்டி போகாத இடத்தில் கர்ப்பிணி இருந்தால் அது கர்ப்பிணியின் தவறு. அந்த வாரம் மேலே ஆறு பேர் கர்ப்பம். ஆறு பேரின் முகமும் எனக்குத் தெரியும். அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு நான் ஸ்டோர் ரூமில் போய் அழுதேன். நான் போட்ட ஒரு டிக் நாற்பத்தொரு வீட்டை அடித்துவிடப் போகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

எங்கள் தகரடப்பாவைக் கழிவு வண்டி என்று ஏலம் விட்டபோது டீக்கடைக்காரர் எடுத்திருந்தார். ஓட்டுவதற்கு இல்லை, கோழி அடைக்க. கடைக்குப் பின்னால் நிறுத்திக் கண்ணாடியை எல்லாம் இறக்கிவிட்டிருந்தார். அதற்கடுத்த வியாழக்கிழமை லாக்புக் பெரிய வண்டியை டீக்கடை மர நிழலில் நிறுத்தினார், நேராகப் பின்பக்கம் போனார், கோழிகளை விரட்டினார், டிரைவர் சீட்டில் இருந்த இரண்டு முட்டையை எடுத்து டீக்கடைக்காரரிடம் கொடுத்தார். அரைமணி நேரம் குடைந்தபின் தகரடப்பா இருமிக்கொண்டு உயிர் பிழைத்தது. மேல்வீடுகளுக்குப் போகிற கடைச் சாமானை அதில் ஏற்றிக்கொண்டால் டீசல் நான் ஊற்றுகிறேன் என்றார் டீக்கடைக்காரர். கழிவு வண்டியை ஓட்டலாமா என்று கேட்டேன். சட்டம் தார் ரோட்டோடு முடிந்துவிடும் என்று அவரே சொன்னார். அது அவருடைய சட்டம்.

அன்றைக்கு இடுக்கில் அவர் இறங்கி, நடந்து, தடவி, திரும்பி வந்து, கண்ணாடியை மடக்கினார். நாலு விரல் மிச்சத்தில் நுழைந்தோம். இடுப்பு உயிர் போகிற மாதிரி வலித்தது. சிரித்துக்கொண்டே வந்தேன்.

மேலே போய்ச் சேர்ந்ததும் லாக்புக்கைத் திறந்துவைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கடைசியில் 'மேல்வீடுகள். சென்று சேர்ந்தோம்' என்று எழுதினார். இது பொய்யில்லை, எந்த வண்டியில் சேர்ந்தோம் என்று யாரும் கேட்கவில்லை என்று எனக்கு விளக்கினார். நான் கேட்காமலே மூன்று தடவை விளக்கினார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அலுவலகச் சோறு அப்படிப்பட்டதில்லை, ஐந்து மாதம் மறைத்தோம். வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஊருக்கு எத்தனை லிட்டர் டீசல் என்று கணக்குப் பார்க்கிற ஒருவர் அங்கே இருந்திருக்கிறார். பழைய சின்ன ஜீப்பைவிடப் புதுப் பெரிய வண்டி குறைவாகக் குடிக்கிறது, அதுவும் மலைப்பாதையில். இது என்ன அதிசயம் என்று திட்ட அதிகாரிக்குத் தாங்கவில்லை. மற்ற பதினோரு மையங்களுக்கும் வண்டி வாங்குவதற்கு முன்னால் நேரில் பார்க்க, வருகிற வியாழக்கிழமை உங்களோடு மேல்வீடுகளுக்கு வருகிறேன் என்று பாராட்டுக் கடிதமே எழுதிவிட்டார்.

அந்த வியாழக்கிழமையும் வந்தது. அதிகாரி முன்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, என்ன சொகுசு, என்ன சொகுசு என்று வந்தார். டீக்கடை வந்தது. வண்டி நின்றது. பழக்கதோஷம். ஏன் நிறுத்தினீர்கள் என்று அதிகாரி கேட்டார். டீ குடிக்க என்று சொல்லியிருக்கலாம். டயரைப் பார்க்க என்று சொல்லியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும்.

"இங்க வண்டி மாத்தணும் சார்," என்றார் லாக்புக்.

அதிகாரி இறங்கிக் கோழிகளைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் மருந்துப் பெட்டியைப் பார்த்தேன். விஷயம் முழுவதையும் லாக்புக் மறைக்காமல் சொன்னார். அதிகாரி கோபப்படவில்லை. கோப்பைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"அகலம் போதும்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?"

நான் டிக் அடித்த அதே படிவம். லாக்புக் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வாசித்தார். மேலிருந்து கீழாக நிதானமாக வாசித்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆமா சார். என் கையெழுத்துதான்."

அப்படியானால் போகலாம், ஓட்டுகிறவர் பயந்தால் வண்டியும் பயப்படும் என்று அதிகாரி ஏறிக்கொண்டார். இடுக்கில் லாக்புக் வழக்கம்போல இறங்கித் தடவிப் பார்த்துவிட்டு, போகாது என்றார். பட்டியல் புத்தகத்தில் வண்டியின் அகலம் இருக்கிறது, உங்கள் படிவத்தில் பாதையின் அகலம் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் நீங்கள் யார் என்று அதிகாரி கேட்டார். லாக்புக் கியர் போட்டார்.

முதலில் பக்கக் கண்ணாடி போனது. அப்புறம் ஒரு கிறீச்சல். அப்புறம் வண்டி நின்றது, முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. இந்தப் பக்கக் கதவைத் திறந்தால் பாறை. அந்தப் பக்கக் கதவைத் திறந்தால் அங்கேயும் பாறை. பன்னிரண்டு மையங்களின் திட்ட அதிகாரி சீட்டைத் தாண்டி, மருந்துப் பெட்டியைத் தாண்டி, என் தோளில் கால் வைத்து, பின்கதவு வழியாகத் தவழ்ந்து வெளியே வந்தார். லாக்புக் கடைசியாக வந்தார். வந்ததும் எழுதினார். '10.50. இடுக்கு. வண்டி சிக்கியது.'

அவர் இறங்கிப் போய் ஜீப்போடும் டீக்கடைக்காரரோடும் கயிற்றோடும் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆயிற்று. லாக்புக் மறுபடி பின்கதவு வழியாகப் பெரியதில் ஏறிக்கொள்ள, டீக்கடைக்காரர் சின்னதை லோ கியரில் போட்டு இழுத்தார். எங்கள் தகரடப்பா உறுமிற்று, புகைந்தது, இறகைப் பறக்கவிட்டது, பெரியதைப் பல் பிடுங்குகிற மாதிரி வெளியே பிடுங்கிப் போட்டது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது சார் என்று டீக்கடைக்காரர் அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி பேண்டிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். பெரியதை ரிவர்ஸிலேயே ஓட்டிக் கடைக்கு இறக்குகிற பொறுப்பை டீக்கடைக்காரர் எடுத்துக்கொள்ள, நாங்கள் மூவரும் ஜீப்பில் ஏறினோம். அதிகாரியின் முழங்கால் அவர் காதுவரை வந்தது.

மேலே நிறைமாதக்காரி ஒருத்தி காலெல்லாம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். ரத்தக்கொதிப்பு பார்த்தேன். இன்னொரு முறை பார்த்தேன். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும், நாளைக்கு என்பதெல்லாம் கிடையாது என்றேன். அவளை ஜீப்பின் முன்சீட்டில் உட்காரவைத்தோம். அதிகாரி தாமாகவே பின்னால் போய், வாராவாரம் சர்க்கரை மூட்டை ஏற்றுகிற இடத்தில் குந்திக்கொண்டார். இடுக்கு வந்தபோது லாக்புக் வண்டியை நிறுத்தவில்லை, இறங்கவில்லை, தடவவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த ஒரு நாள்தான். கண்ணாடியை மட்டும் ஓடுகிற வண்டியிலேயே கையை நீட்டி மடக்கினார். டீக்கடையில் அவளைப் பெரிய வண்டிக்கு மாற்றினோம். பெரியதையும் சும்மா சொல்லக் கூடாது. அவள் கால் நீட்டிப் படுத்தாள், தார் ரோட்டில் அது அலுங்காமல் பறந்தது. பிள்ளையும் பிழைத்தது, தாயும் பிழைத்தாள்.

ஒரு மாதம் கழித்து அதிகாரியின் அறிக்கை வந்தது. கண்ணால் பார்த்ததை எழுதினால், பெரியதை யார் பரிந்துரைத்தது என்று மேலே கேட்பார்கள். அவர் கண்ணை விட்டுவிட்டுக் கோப்பை நம்பினார். 'பெரிய வாகனம் மலைப்பாதைக்கு மிகவும் ஏற்றது. ஒரு கர்ப்பிணியை உரிய நேரத்தில் மருத்துவமனை சேர்த்ததை நேரில் கண்டேன். பக்கக் கண்ணாடியை மட்டும் சற்று உறுதியாக அமைக்கலாம்.' கோழியைப் பற்றி ஒரு வரி இல்லை. மேல்வீடுகள் பட்டியலில் இருந்தன, அதற்காக அவரை மன்னித்தேன். பதினோரு மையங்களுக்கும் பெரிய வண்டியே வந்தது. அதில் ஏழு மையங்களுக்கு மலை உண்டு. கழிவு ஏலத்தில் பழைய சின்ன ஜீப்புக்கு இப்போது போட்டி அதிகமாம். திடீரென்று எல்லோரும் கோழி வளர்க்க ஆரம்பித்துவிட்டார்கள் போலிருக்கிறது.

லாக்புக் ஓய்வு பெற்றார். விழாவில் அந்த அதிகாரியே வந்து, இருபத்திரண்டு வருஷம் ஒரு பொய் எழுதாத கை இது என்று அவர் கையைத் தூக்கிக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். தூக்கிய கையை எப்போது இறக்குவது என்று தெரியாமல் அவர் நின்றார். அவர் மனைவி முன்வரிசையில் அழுதார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

விழா முடிந்து, பெரிய வண்டியின் சாவியை ஒப்படைக்கக் கொட்டகைக்கு வந்தவரிடம் சொல்லிவிட்டேன். படிவத்தில் பெரியது என்று டிக் அடித்தது நான்தான், இடுப்பு வலிக்காக அடித்தேன், மன்னித்துவிடுங்கள் அண்ணே என்றேன்.

"தெரியும் சிஸ்டர்," என்றார்.

அதிகாரி காட்டியபோதுதானே தெரிந்தது என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அன்னைக்கே தெரியும். கண்ணாடி சட்டைப் பையிலதான் இருந்துச்சு. நான் எழுதினா சின்னதுன்னுதான் எழுதணும். உங்க கையில குடுத்தா நீங்க பெருசுன்னு போடுவீங்க. வாயால சின்னதுன்னு சொல்லியாச்சு, மனசாட்சிக்கு அது போதும்னு நெனச்சுக்கிட்டேன்." கொஞ்ச நேரம் சாவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "ஒரு தடவை நிமிர்ந்து உக்காந்து ஓட்டணும்னு இருந்துச்சு சிஸ்டர். அவளும் பாக்கணும்னு ஆசைப்பட்டா."

சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். எனக்கு அவர் மேல் கோபம் வரவேண்டும். இத்தனை மாதம் என்னைத் தனியாக அழவிட்ட மனிதர். கோபம் வரவில்லை. கண்ணாடியை மறந்துவிட்டு வந்தேன் என்று சொன்னதுதான் அவருடைய முதல் பொய் என்பதும், அதற்கு லாக்புக்கில் இடமில்லாமல் போனதும்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த வியாழக்கிழமை புது டிரைவரோடு பெரிய வண்டியில் கிளம்பினேன். அவருக்கு விஷயத்தை எப்படிச் சொல்வது, சொன்னாலும் அந்த இடுக்கில் தகரடப்பாவை நுழைக்க அவருக்குக் கை வருமா என்று வழியெல்லாம் கவலை. மேலே மூன்று பேருக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. டீக்கடையில் நிறுத்தச் சொல்லி இறங்கிப் பின்பக்கம் போனேன். கோழிகள் எல்லாம் வெளியே மேய்ந்துகொண்டிருந்தன. சீட் துடைத்திருந்தது. சீருடை இல்லாமல், வேட்டியை மடித்துக்கட்டி, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு லாக்புக் உட்கார்ந்திருந்தார்.

"இனி வாராவாரம் நான் வந்துடறேன் சிஸ்டர். எழுத வேண்டிய வேலையும் இல்ல," என்றார்.

புது டிரைவரைப் பெரிய வண்டியோடு டீக்கடையிலேயே இருக்கச் சொன்னேன். மருந்துப் பெட்டியைப் பின்னால் ஏற்றிவிட்டு லாக்புக் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். ஏறும்போது ஏழு கிலோமீட்டர், இறங்கும்போது ஏழு கிலோமீட்டர். கல்லுக்குக் கல் இடுப்பு வலித்தது. நான் வாயைத் திறக்கவில்லை.